சம்மட்டி அக்காவிடம் அடி வாங்கியவர்கள்

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தத் துக்க வீட்டில் ஒரு போட்டி நடந்தது. செத்துப்போன சம்மட்டி அக்காவிடம் யார் பெரிய அடி வாங்கியது என்கிற போட்டி. வந்தவர்கள் முதல் நாள் அழுதார்கள். இரண்டாம் நாள் யார் சரியாக அழவில்லை என்று பேசினார்கள். மூன்றாம் நாளுக்குப் பேச விஷயம் தீர்ந்துவிட்டது. வாய் சும்மா இருக்குமா?

தொடங்கி வைத்தவன் பக்கத்துக் கடை வெல்டர். இடது புருவத்தை விரலால் நீவிக் காட்டினான். நடுவில் அரை அங்குலத்துக்கு மயிர் இல்லை.

"வால்வு மூடி. இங்கேர்ந்து அங்க எறிஞ்சாங்க. கண்ணாடி போடாம வெல்டு வெச்சேனாம். கண்ணு போயிடும்னு சொல்லிட்டு கண்ணுக்கு மேலயே அடிச்சாங்க பாருங்க, அதுதான் அக்கா."

"அதெல்லாம் ஒரு அடியா?" என்றாள் மாடி வீட்டு டீச்சர். அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்கே தலைமை. முந்நூறு பிள்ளைகள் அவளைக் கண்டால் மூத்திரம் போவார்கள். "ஃபோன் பேசிக்கிட்டே பின்னால நடந்தேன். லாரி ரிவர்ஸ் வருது, நான் பாக்கல. ஈர டியூபால முதுகுல ஒண்ணு விட்டாங்க. ஒரு வாரம் மல்லாந்து படுக்க முடியல. இத யார்கிட்டயாவது சொல்லியிருப்பேனா நான்?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, டீ வாங்கிக் குடுத்தாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். டீ வந்ததா என்பது முக்கியம்.

மூலையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா புருஷனை யாரோ சீண்டினார்கள். "மாமா, உங்களுக்குத்தான் முதல் பரிசு இருக்கும்."

"என்னை ஒருநாளும் அடிச்சதில்ல" என்றார் தையல்காரர். கூட்டத்துக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "நான் அவ கடைக்குள்ள காலே வெச்சதில்லையே, எங்கேர்ந்து அடி விழும்?" என்று சேர்த்துக்கொண்டார்.

அது உண்மைதான். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த வீட்டின் நடுவே ஒரு கோடு இருந்தது. தெருப்பக்கம் டயர்க்கடை, உள்பக்கம் தையல். இவர் ஊசியில் நூல் கோக்கும்போது அவள் பத்து டன் லாரியை ஜாக்கி போட்டுத் தூக்கிக்கொண்டிருப்பாள். சோற்றுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் ரப்பரும் துணியும் சந்தித்துக்கொண்டன. இந்த ஜோடி எப்படிச் சேர்ந்தது என்று தெரு பல காலம் துருவிப் பார்த்தது. இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை என்பதில் தெருவுக்கு இன்றும் வருத்தம்தான்.

"லீவரு, நீ சட்டையக் கழட்டு. போட்டி முடிஞ்சிடும்" என்றான் வெல்டர்.

லீவர் வாசல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். டயர் கழற்றும் இரும்புக் கம்பிதான் லீவர். நெடுநெடுவென்று வளர்ந்து கழுத்துக்கிட்டே லேசாகக் கூன் போட்டிருந்ததால் அக்கா வைத்த பெயர். அவளுடைய அண்ணன் மகன். எட்டு வயதில் தாய் இல்லாமல் போய், தகப்பன் இரண்டாம் சம்சாரத்தோடு வேறு ஊருக்குப் போனபோது, "இத கொஞ்ச நாள் வெச்சுக்க" என்று விட்டுவிட்டுப் போன பையன். கொஞ்ச நாள் இருபத்திமூன்று வருஷமாகிவிட்டது. அவன் உடம்பில் அத்தையின் கையெழுத்து இல்லாத இடம் கிடையாது. முழங்கையில் ஸ்பேனர். தோளில் சம்மட்டிப் பிடி. பின்னந்தொடையில் ஃபேன் பெல்ட், அது வரிவரியாக இருக்கும். போட்டிக்கு நின்றிருந்தால் மற்றவர்கள் புருவத்தையும் முதுகையும் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதான்.

அவன் எழுந்து கடைப்பக்கம் போனான். பின்னால் உச்சுக் கொட்டினார்கள். "பெத்தவ செத்தாக்கூட இப்படி இடிஞ்சு போக மாட்டாங்க" என்றாள் டீச்சர். பாதி தெரிந்தவர்கள் பேசும் பேச்சு எப்போதுமே உருக்கமாகத்தான் இருக்கும்.

அத்தையின் கடையில் ஒரு சட்டம் உண்டு. தப்புச் செய்தால் அடி. அடி விழுந்தால் டீ. டீ குடித்துவிட்டால் அந்தத் தப்பு செத்துப்போனது. அதை அவளும் மறுபடி எடுக்க மாட்டாள், மற்றவர்களும் எடுக்கக் கூடாது. லீவர் தன் பதினான்காவது வயதில் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் ஜாக்கி ஏற்றிவிட்டான். லாரி ஓரடி உருண்டது. அடியில் படுத்திருந்த கிளீனர் எப்படித் தப்பித்தான் என்று அவனுக்கே தெரியாது. அன்றைக்கு அத்தை அடித்த அடியில் லீவருக்கு ஒரு பல் போனது. போன பல்லைத் தேடி எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, "வாயக் கொப்புளிச்சிட்டு வா, டீ ஆறுது" என்றாள். மறுநாள் அந்தக் கிளீனரே வந்து அந்தப் பேச்சை எடுத்தபோது அவன் மேல் பாய்ந்தாள். "முடிஞ்சு போனத எதுக்குடா கிளறுற? அவன் வாங்கிட்டான். நீ வாங்கணுமா?"

அப்படி வளர்ந்தவனுக்கு வேறு வழி தெரியாது. மன்னிப்புக் கேட்பது என்பதை அவன் வாழ்நாளில் பழகவில்லை. தேவைப்படவும் இல்லை. கன்னத்தைக் காட்டினால் போதும்.

இப்போது அவன் செய்து வைத்திருப்பது அத்தையாலும் அடித்துத் தீர்க்க முடியாத தப்பு. அடிக்க வேண்டியவளே அதில் போய்விட்டாள்.

சாவு நடந்த நாள் மத்தியானம் கடையில் இரண்டு வீல்கள் பிரித்துக் கிடந்தன. ஒன்று தண்ணி லாரிக்காரருடையது. இன்னொன்று செங்கல் லாரிக்காரன் காலையில் உருட்டிவிட்டுப் போன ஸ்டெப்னி. லாரி வீலில் டயரை நடு இரும்பான டிஸ்கோடு பிடித்து நிறுத்துவது ஒரு இரும்பு ரிங். உள்ளே காற்று ஏறும்போது அத்தனை விசையையும் அந்த ஒரு ரிங்தான் தாங்க வேண்டும். டிஸ்குக்கு டிஸ்க் ரிங் மாறும். பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், நகக்கண் அளவுதான் வித்தியாசம். அதனால் அத்தை கழற்றின கையோடு ரிங்கை அதனதன் டிஸ்கிலேயே டியூப் துண்டால் கட்டிப் போடச் சொல்வாள். அன்றைக்கு வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. இரண்டு முடிச்சையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தான் லீவர். செங்கல் லாரி ரிங் தண்ணி லாரி டிஸ்கில் போய் உட்கார்ந்தது. கொஞ்சம் முரண்டு பிடித்தது. சம்மட்டியால் நாலு போட்டு அடக்கிவிட்டான்.

அப்போது அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மாட்டிட்டியா?"

"ஆச்சு."

"நகரு. காத்து நான் பிடிக்கிறேன். நீ போய்ச் சாப்பிடு, மூடி வெச்சிருக்கேன். ஆறிடுச்சுன்னா மாமாவ எழுப்பாத, நீயே சுட வெச்சுக்க."

வேறு யார் மாட்டிய ரிங்காக இருந்தாலும் அவள் சுற்றிலும் சுத்தியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் காற்றைத் திறப்பாள். லீவர் மாட்டியதை மட்டும் தட்டிப் பார்க்க மாட்டாள். அந்த உலகத்தில் அவள் யாருக்கும் கொடுக்காத மரியாதை அது.

இரண்டாவது கவளத்தில் அந்தச் சத்தம் கேட்டது. தையல்காரர் தூக்கத்திலிருந்து விழுந்தார். ரிங் அவளுடைய தாடையிலும் நெற்றியிலும் அடித்து, கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு பறந்து, எதிர்வரிசை மருந்துக்கடைப் படியில் போய்ச் சுழன்று சுழன்று அடங்கியது. ஓடிவந்த லீவர் வாயிலிருந்த சோற்றைத் துப்பக்கூட இல்லை. அத்தைக்கு முகம் என்று காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. அடக்கத்தின்போதும் துணியைத் திறக்கவில்லை.

தெரு திரண்டு வருவதற்குள் அவன் கண்ணில் பட்டது இன்னொரு ரிங். தண்ணி லாரியுடையது, பழசு, துருவேறியது, மற்ற டிஸ்கின் மேல் சாதுவாகக் கிடந்தது. அவன் கை அதுவாகவே அதை எடுத்து, பஞ்சர் பார்க்கும் தொட்டியின் கறுப்புத் தண்ணீரில் விட்டது. ஏன் விட்டாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அடி வாங்கப் பயந்து ஒளித்து வைக்கிற வயதெல்லாம் எப்போதோ போய்விட்டதே.

பழி போய்ச் சேர ஆள் தயாராக இருந்தது. காலையில் தண்ணி லாரிக்காரர் வண்டியை விடும்போது, "ரிங்கு கொஞ்சம் துருப்பிடிச்சிருக்குக்கா, பாத்து மாட்டுங்க" என்று சொன்னதைத் தெருவில் நாலு பேர் கேட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் கேட்டிருந்தார்கள். நசுங்கின ரிங்கைப் போலீஸ் எடுத்துப் போனது. விபத்து என்று எழுதிக்கொண்டது. வெல்டர் மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. "துருப்பிடிச்ச ரிங்கக் குடுத்துக் கொன்னுட்டான். வண்டிய எடுக்க வருவான்ல, வரட்டும்" என்றான். ஒரு வீல் இல்லாமல் ஜாக்கியின் மேல் லாரி கடை வாசலில் நின்றது. டேங்க் நிறையத் தண்ணீர்.

லீவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் உடம்பு தினவெடுத்தது. அடக்கம் முடிந்த மறுநாள் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் நடுவே போய் ஒருவனை வேண்டுமென்றே இடித்து, அவன் அம்மாவைச் சொல்லித் திட்டினான். ஐந்து பேர் சேர்ந்து மிதித்தார்கள். ரத்தம் ஒழுக எழுந்து நின்று, எதற்கோ காத்திருப்பவன்போல அவர்கள் முகத்தைப் பார்த்தான். "இன்னும் வேணுமாடா பைத்தியக்காரா?" என்றார்கள். மறுநாள் பஸ் கண்டக்டரிடம் வாங்கினான். அதற்கு மறுநாள் சாராயக்கடை வாசலில் யாரிடமோ. உதடு கிழிந்தது, ஒரு கண் மூடிக்கொண்டது. எந்த அடிக்குப் பிறகும் எதுவும் முடிந்த மாதிரி இல்லை.

"துக்கத்தை யார்மேல காட்டுறதுன்னு தெரியாம அலையுறான்" என்று டீச்சர் விளக்கம் சொன்னாள். தெரு ஒப்புக்கொண்டது. தையல்காரர் மட்டும் மிஷினை நிறுத்தி, அவன் வீங்கின முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு மிதிப்பார். மனைவி செத்த வீட்டில் ஐந்து நாளாக மிஷின் ஓடுவதைப் பற்றியும் தெருவில் கருத்து இருந்தது. அதை இங்கே சொல்ல வேண்டாம்.

ஐந்தாம் நாள் உச்சிவெயிலில் தண்ணி லாரிக்காரர் வந்தார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி. சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு. வண்டிப்பக்கம் போகாமல் நேரே கடைக்குள் வந்து லீவர் முன்னால் நின்றார். வெல்டர் கேஸை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். மாடியில் டீச்சர் வீட்டு ஜன்னல் திறந்தது.

"தம்பி, நான் முன்னாடியே வந்திருக்கணும். கால் வரல" என்றார்.

"போயிடுங்க."

"எனக்குத் தெரியும் தம்பி, அது பழைய ரிங்குதான். மாத்தணும் மாத்தணும்னு ஆறு மாசமா ஓட்டிட்டேன். நாந்தான்..."

"போயிடுங்கன்னு சொல்றேன்ல!"

"அக்கா என்னை எத்தன தடவ திட்டியிருக்கும்! புது ரிங்கு வாங்குடா, செத்துப்போவேன்னு. நான்தான் கேக்கல. நான் கொண்டாந்த இரும்பு தம்பி அது. என்னை என்ன வேணா பண்ணு."

லீவர் கையில் லீவர் இருந்தது. எப்போது எடுத்தான் என்று யாரும் பார்க்கவில்லை. முதல் அடி இடுப்பில் விழுந்தது. லாரிக்காரர் தொட்டிமேல் சாய்ந்தார். கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அதுதான் அவனை வெறியேற்றியது.

"திருப்பி அடி! கை இல்ல உனக்கு?"

"அடி தம்பி. என் தப்பு."

"உன் தப்பு இல்லடா! திருப்பி அடிடா!"

"என் தப்புதான்..."

ஒவ்வொரு தடவை அவர் "என் தப்பு" என்றபோதும் கம்பி இறங்கியது. தொடையில். முதுகில். நாலாவது தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் மாடி ஜன்னல்வரை கேட்டது. ஐந்து நாளாக "வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்த வெல்டரே ஓடிவந்து, "செத்துருவார்டா, விடு" என்று பின்னாலிருந்து பிடித்தான். உதறின உதறலில் போய் டயர் அடுக்கின்மேல் விழுந்தான். லாரிக்காரர் தரையில் கிடந்தார். கண்ணாடிக்கூடு சிதறிக் கிடந்தது. லீவர் இரண்டு கையாலும் கம்பியைத் தலைக்கு மேல் ஓங்கினான்.

"மாப்ள."

தையல்காரர் அந்தக் கோட்டைத் தாண்டி வந்திருந்தார். கடைத்தரையில் வெறுங்காலோடு நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"அவர் மாட்டலயே. அவரை எதுக்கு அடிக்கிற?"

ஓங்கின கம்பி அப்படியே நின்றது.

"மாமா..."

"மாட்டினது யாரு?"

"நான்தான்" என்றான் லீவர். பிறகு தெருவே கேட்கிற மாதிரி கத்தினான். "நான்தான் மாமா! ரிங்க மாத்திப் போட்டுட்டேன். செங்கல் லாரி ரிங்க இவருக்குப் போட்டுட்டேன். உக்காரல, அடிச்சு உக்கார வெச்சேன். இவரோடது அந்தத் தொட்டியில கெடக்கு, நான்தான் போட்டேன். அத்தை தட்டிக்கூடப் பாக்கல. நான் போட்டதுன்னு பாக்கல மாமா!"

கம்பி தரையில் விழுந்து உருண்டது. எல்லாவற்றுக்கும் கருத்து வைத்திருக்கும் தெரு அது. அன்றைக்கு அதனிடம் ஒன்றும் இல்லை.

முதலில் அசைந்தவன் வெல்டர். டயரிலிருந்து எழுந்து வந்து லீவரின் சட்டைக் காலரைப் பிடித்தான். "ஏண்டா, அஞ்சு நாளா இந்த மனுசன் தலையில..." கை ஓங்கிவிட்டது. லீவர் முகத்தைத் தூக்கிக் காட்டினான். கிழிந்த உதடும் மூடின கண்ணுமாக அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து வெல்டரின் பிடி காலரில் தளர்ந்தது.

"யாரும் அவனத் தொடாதீங்க" என்றார் தையல்காரர். அந்தக் குரலை அதற்கு முன்னால் தெரு கேட்டதில்லை. "முதல்ல அவரைத் தூக்குங்க."

வெல்டரின் வேனில் லாரிக்காரரைப் படுக்க வைத்தார்கள். டீச்சர் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிவந்து ஏறிக்கொண்டாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனுசன், கதவைச் சாத்தப் போகும்போது, "ஜாக்கி... டேங்க்ல தண்ணி இருக்கு... அஞ்சு நாளு தாங்கினதே பெருசு. பிள்ளைங்க அடியில பூந்துடப் போகுதுங்க" என்றார். தொழில்காரன் தொழில்காரன்தான்.

வேன் போனது. லீவர் மாமாவின் காலடியில் மண்டி போட்டான்.

"அடிங்க மாமா."

"எழுந்திரு."

"ஒரே ஒரு அடி. அந்தச் சம்மட்டிய எடுத்துப் போடுங்க. செத்தாலும் பரவால்ல."

"மாட்டேன்."

"அத்தை இருந்தா அடிச்சிருக்கும்!"

"அடிச்சிருப்பா. டீ வாங்கிக் குடுத்திருப்பா. சாயங்காலம் மறந்துட்டு உனக்கு முதுகுக்கு எண்ணெ தேய்ச்சிருப்பா." தையல்காரர் கழுத்திலிருந்த நாடாவை எடுத்து விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "எனக்கு முதல் நாளே தெரியும் மாப்ள. வேற ஒருத்தன் மாட்டியிருந்தா தட்டிப் பாக்காம திறப்பாளா? அஞ்சு நாளா நீயே வந்து சொல்லுவன்னுதான் தைச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். கண்டவன்கிட்டல்லாம் போய் வாங்கிட்டு வந்த. என்கிட்ட வரல."

"இப்ப அடிங்க மாமா. இப்பவாவது."

"அடிச்சா முடிஞ்சிடும்டா!" கத்திவிட்டார். முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சத்தம் போலிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, எச்சில் தெறித்தது. "உங்க சட்டம் அதானே? அடி விழுந்தா முடிஞ்சுபோச்சு, யாரும் பேசக் கூடாது. அவ முகத்த என்கிட்டக் காட்டல. மூடியே கொண்டுபோனாங்க. அது முடியணுமா உனக்கு? முடியக் கூடாது. நான் முடிக்க மாட்டேன்."

தையல்காரர் நாடாவை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"எழுந்திரு. அந்த வண்டிய இறக்கு. அடியில எவனாச்சும் பூந்து சாகப் போறான்."

அவன் எழுந்தான். தொட்டியில் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். துருப்பிடித்த ரிங் கறுப்புத் தண்ணீர் சொட்ட வெளியே வந்தது. துணியால் துடைத்தான், கம்பித்தூரிகையால் தேய்த்தான், விரலால் பள்ளத்தைச் சுற்றிலும் தடவினான். டியூபையும் டயரையும் புதிதாக எடுத்தான். ரிங்கை மாட்டினான். இந்தத் தடவை முரண்டு பிடிக்கவில்லை. சுத்தியால் சுற்றிலும் தட்டினான்.

பின்னால் கரகரவென்று இழுக்கிற சத்தம். தையல்காரர் மிஷினை இழுத்துக்கொண்டு வந்தார். இரும்புக் கால்கள் கடைத்தரையில் வெள்ளைக் கோடு போட்டன. வீலுக்கு ஒரு கை தூரத்தில் மிஷினை நிறுத்தி, ஸ்டூலைப் போட்டு, ரிங்குக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"மாமா, அங்க உக்காரக் கூடாது."

"ஏன்?"

"காத்து பிடிக்கப் போறேன்."

"பிடி."

"ரிங்கு நேரா உங்க முகத்துக்கு இருக்கு மாமா. தள்ளிப் போங்க."

"இனிமே நான் இங்கதான் தைப்பேன்" என்றார் தையல்காரர். "நீ காத்து பிடிக்கிற ஒவ்வொரு வீலுக்கும். இன்னைக்கும், நாளைக்கும், உனக்கு மயிர் நரைக்கிற வரைக்கும். பிடி."

எதிர்வரிசையில் மருந்துக்கடைக்காரர் மெதுவாக ஷட்டரை இறக்கினார். ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. சாத்தின ஜன்னல்களுக்குப் பின்னால் கண்கள் இருந்தன என்பதைச் சொல்லவே வேண்டாம்.

கம்ப்ரசர் தடதடத்து ஏறி, நின்றது. லீவர் குழாயை வால்வுக்குக் கொண்டுபோனான். வைக்காமல் எடுத்தான். மறுபடி சுத்தியை எடுத்து ரிங்கைத் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். எழுந்து மாமாவைப் பார்த்தான். அவர் ஊசியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

லீவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு, மாட்டின ரிங்கை முதலிலிருந்து கழற்றத் தொடங்கினான்.